சித்தி, அக்காள், அண்ணாச்சி: டோனாவூரின் உறவுச் சொற்கள்



'காலனிய காலத்துப் பெண் மிஷனரி ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்' என்று அழைத்தவர்கள், யார் என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் நெல்லைச் சீமைக்காரன். எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஏமி கார்மைக்கேல் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் பிறப்பு, வளர்ப்பு, தொண்டு, மறைவு என்று வரிசையாகச் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. அவரை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் யாரை என்ன சொல்லிக் கூப்பிட வைத்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் ஊர்ப்பெயர். ஏர்வாடி தாண்டிக் களக்காடு போகிற வழியில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். சின்ன வயதில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, ஏதோ தோணி சம்பந்தப்பட்ட ஊர் போலிருக்கிறது, மலையடிவாரத்தில் தோணி எதற்கு என்று குழம்பியிருக்கிறேன். டோனா என்பது பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவரின் குடிப்பெயர். அவர் கொடுத்த பணத்தில் ரேனியஸ் ஐயர் 1827இல் நிலம் வாங்கிக் கிறிஸ்தவர்களைக் குடியமர்த்திய ஊர் அது. ஜெர்மன் பிரபுவின் பெயரோடு 'ஊர்' சேர்ந்ததும் நம் நாக்கு அதை உள்ளூர்ப் பெயராக்கிக்கொண்டுவிட்டது.

'ரேனியஸ் ஐயர்' என்று இயல்பாகச் சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? கால்டுவெல் ஐயர், சார்ஜென்ட் ஐயர், போப் ஐயர். மிஷனரி ஆண்களுக்கு நம்மவர்கள் வைத்த மரியாதைச் சொல் அது. அவர்கள் வீட்டுப் பெண்களை 'அம்மாள்' என்றார்கள். திருமணமாகாமல் வந்த பெண்களை 'மிஸ்ஸியம்மா' என்றார்கள். 1955இல் வந்த அந்தப் பெயர்கொண்ட படத்தில் சாவித்திரி மேரியாக வருவது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மிஸ், அம்மா இரண்டையும் ஒட்டிய சொல் அது. தள்ளி நிறுத்த ஒரு பாதி, அருகில் வைத்துக்கொள்ள ஒரு பாதி. 1896 கடைசியில் திருநெல்வேலிக்கு வந்தபோது ஏமியும் இன்னொரு மிஸ்ஸியம்மாதான்.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1867 டிசம்பர் 16இல் வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரான மில்லைலில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு மாவு ஆலைத் தொழில். வியாபாரம் சரிந்து, 1885இல் அவரும் போய்ச் சேர்ந்தார். பெல்பாஸ்ட் நகரில் நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையேதான் ஏமியின் முதல் ஊழியம். அந்தப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். ஒழுங்கான தேவாலயத்தில் தொப்பி இல்லாமல் உட்காருவதா என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கென்றே 1889இல் ஒரு தகரக் கூடம் எழுந்தது. சபையில் யார் உட்காரலாம் என்பதைத் துணி தீர்மானிப்பதை இருபது வயதிலேயே பார்த்தவர் என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம்.

சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை சரியில்லை என்று மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போய்ப் பதினைந்து மாதம் இருந்தார். அங்கே நடந்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் ஒரு சம்பவம்: நோயாளிக் கிழவி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவளும் கவனமாகக் கேட்கிறாள். சரியான கட்டத்தில் கிழவியின் கண் ஏமியின் ரோமக் கையுறை மீது விழுகிறது. அவ்வளவுதான், பேச்சு போயிற்று. கையுறை என்ன, எதனால் செய்தது என்று விசாரணை தொடங்கிவிட்டது. அன்றோடு ஐரோப்பிய உடையை ஒதுக்கிக் கிமோனோ உடுத்தத் தொடங்கினார். நம் ஊரில் சேலைக்கு மாறியதன் வேர் அங்கே இருக்கிறது. உடல்நலம் கெட்டு, இலங்கையில் சில நாள் தங்கி, தாய்நாடு திரும்பி, 1895 நவம்பரில் பெங்களூர் வந்தார். வந்தவுடன் டெங்குக் காய்ச்சல். அதன் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டு, ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை.

திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியும் அவர் மனைவியும் ஏமிக்கு இடம் கொடுத்தார்கள். வாக்கர் கண்டிப்பான ஆள், தமிழில் ஆழங்கால்பட்டவர். அவரிடம் ஏமி தமிழ் படித்தார். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது இன்னொரு ஆசிரியரை. பொன்னம்மாள் என்ற இளம் விதவை. ஏமியைப் பற்றி எழுதும் பலர் இவரை ஓரமாக நிற்கும் துணைப் பாத்திரம்போல எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிய பெண்கள் குழுவில், எந்தத் தெருவில் எப்படி நுழைவது, எந்த வீட்டில் திண்ணையோடு நின்றுவிட வேண்டும் என்பதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்? அயர்லாந்துக்காரருக்கா? ஏமி ஓட்டமும் நடையுமாகத் திரிந்ததால் அவரை 'முயல் அம்மாள்' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். முயலுக்கு வழி தெரிந்தது பொன்னம்மாளால்.

அந்தக் குழுப் பெண்கள் நகையைக் கழற்றிய கதை ஒன்று உண்டு. நகை போட்டிருந்த பொன்னம்மாளைப் பார்த்து, நானும் பெரியவளானால் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து இதேபோல நகை போட்டுக்கொள்வேன் என்று ஒரு குழந்தை சொன்னது காதில் விழுந்ததாம். அவர் கழற்றிவிட்டார், மற்றவர்களும் கழற்றினார்கள். நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் அது சின்ன விஷயமில்லை. வெறுங்காது, வெறுங்கழுத்து என்றால் நம் பக்கத்தில் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். குடும்ப மானம் போயிற்று என்று சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். மதம் மாறியபின்னும் நகை மாறாமல் இருந்தது; அதைக் கழற்றியது ஒரு தமிழ்ப் பெண்ணின் முடிவு. ஏமி பிற்பாடு பொன்னம்மாளின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார்.

இனி 1901 மார்ச். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பண்ணைவிளையில் குழு தங்கியிருந்தது. பக்கத்தில் பெருங்குளம். அங்கே கோயிலைச் சார்ந்த ஒரு வீட்டில் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா. அதற்குமுன் ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடிக்கு, ஏறக்குறைய இருபது மைல், தன் தாயிடம் போயிருக்கிறாள். துரத்திக்கொண்டு வந்தவர்களிடம் தாயே அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு. இரண்டாம் முறை மார்ச் 6 மாலை தப்பி வந்தவளைக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி கண்டு, இரவு தன்னிடம் வைத்திருந்து, மறுநாள் காலை ஏமியிடம் அழைத்துவந்தாள்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. கோயில் வீட்டுப் பெண்கள் அந்தக் குழந்தையை மிரட்ட ஏமியின் பெயரைத்தான் பயன்படுத்தினார்களாம். வெளியே போனால் பிள்ளை பிடிக்கிற அம்மாள் பிடித்துக்கொண்டு போய்விடுவாள்! நம் வீடுகளில் சோறு ஊட்டும்போது பூச்சாண்டி வருகிற மாதிரி. பூச்சாண்டி எங்கே இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளை தேடி வந்துவிட்டது. மார்ச் 7 காலை அவள் ஏமியின் மடியில் உட்கார்ந்தாள். அந்த நாளிலிருந்து மிஸ்ஸியம்மாவின் முன்பாதி உதிர்ந்து, பின்பாதி மட்டும் நின்றது. அதே ஆண்டு குழு டோனாவூருக்குப் போய் அங்கேயே நிலைத்தது. 1904 நடுவில் பதினேழு குழந்தைகள்.

கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் புதுச் சிக்கல். தாய்ப்பாலுக்கு என்ன செய்வது? எந்தச் சாதிக் குழந்தை என்று தெரியாத பிள்ளைக்குப் பால் கொடுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்வரவில்லை. மாட்டுப்பால் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியம் என்றால் தெற்கே திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைதான். அங்கே போய்ச்சேர மாட்டு வண்டியில் ஒரு முழு இரவுக்கு மேல் ஆகும். நோஞ்சான் குழந்தைகளுக்காக நெய்யூரிலேயே ஒரு குழந்தை வீடு வைத்து, பொன்னம்மாள் அங்கே போய் உட்கார்ந்தார். ஊர் ஊராக வேதம் சொல்லப் போனவர்கள் இரவெல்லாம் பால்புட்டியோடு விழித்திருக்க நேர்ந்தது. இதுவா ஊழியம் என்று கேட்டவர்கள் மிஷனரிகளிலேயே இருந்தார்கள். குழந்தைகள் பலர் இறந்தார்கள். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயில் இறந்தார்.

இப்போது நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். டோனாவூரில் யாரும் யாரையும் 'மிஸ்' என்றோ 'மேட்ரன்' என்றோ 'வார்டன்' என்றோ கூப்பிடவில்லை. ஏமி அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் சித்தி. ஆண்கள் அண்ணாச்சி. அங்கேயே வளர்ந்து, சின்னப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்த பெண்கள் அக்காள். ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களிலும் புத்தகங்களிலும்கூட இந்தச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்கார வைத்தியர் 'அண்ணாச்சி' ஆகிறார்! 'அண்ணா' அல்ல, அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரன் காதுக்கு அந்த 'ச்சி'யில் என்ன இருக்கிறது என்பதை மற்றவர்களுக்கு விளக்க முடியாது. பலசரக்குக் கடையில் இருப்பவரும் அண்ணாச்சி, மூத்தவரும் அண்ணாச்சி, சண்டைக்கு முன் சமாதானமாக அழைப்பதும் அண்ணாச்சி.

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. ஆகவே அவர்கள் வந்து சேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். அதற்குப் பெயர் 'வந்த நாள்'. சாதகம் இல்லாத பிள்ளைக்கு ஒரு நாளைக் கொடுத்துவிட்டார்கள். சாதியும் குலமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு அம்மா, சித்தி, அக்காள், அண்ணாச்சி என்று ஒரு கொடிவழியே கிடைத்துவிட்டது. நம் சமூகத்தில் உறவுமுறை இல்லாதவர் அநாதை. பணம் இல்லாததைவிடப் பெரிய குறை அது. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதை இந்த அயர்லாந்துக்காரர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். பொன்னம்மாள்தான் காட்டியிருப்பார் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உறவுச் சொல் ஒன்றும் வெள்ளந்தியானதல்ல. வெளிநாட்டுப் பெண் சித்தி, நம் பெண் அக்காள் என்பதில் ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது பாருங்கள். இருபத்தைந்து வயது ஆங்கிலப் பெண் நேற்று வந்தால் சித்தி. அதே வயதில் பத்தாண்டாகக் குழந்தைகளைச் சுமந்தவள் அக்காள். அங்கே வளர்ந்த பிள்ளை தன்னோடு வளர்ந்தவளை அக்காள் என்பது இயல்புதான். இயல்பான சொல்லுக்குள் அதிகார வரிசையும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது என்பதும் உண்மைதான்.

அடுத்து, சட்டம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றன. நிரூபிப்பது கடினம். ஆனால் அதே சட்டத்தின் 361ஆம் பிரிவு, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணைப் பாதுகாவலரிடமிருந்து கொண்டுபோவதைக் கடத்தல் என்றது. நிரூபிப்பது சுலபம். பிள்ளையை விற்றவர் தப்பலாம், ஒளித்துவைத்தவர் சிறைக்குப் போகலாம். டோனாவூரில் எல்லோரும் அம்மா என்றாலும் நீதிமன்றத்தில் அவர் அம்மா இல்லை. ஒரு சிறுமியின் பொருட்டு நடந்த வழக்கில் 1911இல் தீர்ப்பு ஏமிக்கு எதிராக வந்தது. பிள்ளையைப் பெற்ற தாயிடம் கொடு, வழக்குச் செலவையும் கட்டு என்றது. தீர்ப்பு வந்தபோது சிறுமியைக் காணோம். ஆண் வேடத்தில் ஊரைத் தாண்டி, இலங்கை வழியாகச் சீனாவரை போய்விட்டாள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. இதை வீரம் என்று எழுதியவர்களும் உண்டு. பெற்ற தாயின் பக்கத்திலிருந்து ஒருவரும் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏமியின் எழுத்துக்கு வருவோம். தம் ஊழியத்தின் உண்மை நிலவரத்தை ஒளிக்காமல் அவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதியை, இவ்வளவு சோர்வூட்டும்படி இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். மிஷனரிப் புத்தகம் என்றால் வெற்றிக் கதை வேண்டும் அல்லவா, நன்கொடை கொடுப்பவர்கள் வாசிப்பதாயிற்றே. அவர் மாற்ற மறுத்தார். 1903இல் அது வெளிவந்தபோது இங்கிலாந்தில் பரபரப்பு. இங்கே சில மிஷனரிகளுக்கே அவர் ஊரை விட்டுப் போனால் தேவலை என்ற எண்ணம். அந்த நேர்மையை மதிக்கிறேன். அந்தப் பார்வையின் குறுகலையும் சொல்லியாக வேண்டும். கோயில் பெண்களின் வாழ்வில் அவர் கண்டது இருட்டை மட்டும். அவர்கள் கையில் இருந்த இசையையும் ஆட்டத்தையும் அவர் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. 1918இல் ஆண் குழந்தைகளையும் சேர்க்கத் தொடங்கினார். சிறுவர்களை நாடகக் கம்பெனிகளுக்கு விலைக்கு வாங்கிப்போய்ச் சீரழிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதே 1918இல்தான் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பாலர் நாடக சபையைத் தொடங்கினார். நாடக வரலாறு படிக்கிற நமக்கு அது பொன்னான ஆண்டு. சில பையன்களுக்கு அதே உலகம் நரகம். ஒரு வரலாற்றைப் படித்தவர் இன்னொன்றைப் படிப்பதில்லை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன்.

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் கேட்டு மேடை ஏறியவர் அல்லர் ஏமி. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வேலை. 1927இல் சென்னை சட்ட மேலவையில் தீர்மானம், கடைசியில் 1947இல் முழுத் தடைச் சட்டம். இடையில் 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்த வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர், 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். இவர்களோடு ஒப்பிட்டால் ஏமியின் குரல் வெளியிலிருந்து வந்த குரல். முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தம் இல்லத்துக்கு என்ன பெயர் வைத்தார்? ஔவை. தாயையும் மூதாட்டியையும் குறிக்கும் பழஞ்சொல். அவரும் ஓர் உறவுச் சொல்லைத்தான் வாசலில் மாட்டினார்.

1919இல் அரசு ஏமிக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்று ஆளுநருக்கு எழுதினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் ஏற்றார். வாங்கும் விழாவுக்குப் போகவில்லை. 1925இல் தம்மை அனுப்பிய சங்கத்திலிருந்து விலகினார். 1927இல் 'டோனாவூர் ஐக்கியம்' பதிவானது. யாரிடமும் பணம் கேட்பதில்லை, யாருக்கும் சம்பளம் இல்லை என்பது அதன் நடைமுறை. குடும்பத்தில் யார் சம்பளம் வாங்குவார்கள்?

அந்தக் கேள்வியில்தான் வில்லங்கமும் இருக்கிறது. குடும்பத்தில் தீர்மானம் நிறைவேற்ற முடியாது, எதிர்வாக்கு அளிக்க முடியாது. ஸ்டீபன் நீல் என்ற படித்த இளைஞர் 1924இல் தம் பெற்றோருடன் டோனாவூருக்கு வந்தார். ஓராண்டு தாக்குப்பிடித்தார். ஒத்துப்போகவில்லை, வெளியேறினார். பின்னாளில் அவரே திருநெல்வேலிப் பேராயர் ஆனார். பெரிய அறிஞர், சண்டைக்காரர் என்றும் பெயர் உண்டு. தப்பு யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நிர்வாகியோடு வாதம் செய்யலாம். அம்மாவோடு வாதம் செய்தால் அது குடும்பச் சண்டை ஆகிவிடும். யாராவது ஒருவர் வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

1931. களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். வேலையாட்கள் தவறான இடத்தில் வெட்டிவைத்திருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அதன்பின் இருபது ஆண்டு, பெரும்பாலும் ஒரே அறை. முயல் அம்மாள் கட்டிலோடு கிடந்தார். அந்த அறையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் துண்டுத்தாளில் குறிப்பு எழுதி அனுப்பினார். 1951 ஜனவரி 18 அன்று இறந்தார். எண்பத்து மூன்று வயது.

தம் கல்லறையில் கல் நாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் சொல்லைத் தட்டவில்லை; கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் பெயர் இல்லை. 'அம்மை' என்ற ஒரு சொல் மட்டும்.

சென்னைக்காரர்கள் அந்தச் சொல்லைப் பார்த்தால் முதலில் நோயை நினைப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காந்திமதி அம்மை நினைவுக்கு வரும். களக்காட்டுக்குத் தெற்கே, வள்ளியூரைத் தாண்டி நாஞ்சில் நாடுவரை, வீட்டு வாசலில் நின்று உள்ளே இருக்கும் தாயைக் கூப்பிடுகிற சொல் அது.